இந்திரன், ஜீயஸ், தோர்: மூவரும் ஒருவரேதானா?

கேள்வி இது: இந்திரன், கிரேக்கர்களின் ஜீயஸ், வட ஐரோப்பாவின் தோர் ஆகிய மூவரும் இடியை ஆயுதமாக வைத்திருக்கிறார்கள், மூவரும் ஒரு பெரும் பாம்போடு மோதுகிறார்கள், அப்படியானால் இவர்கள் ஒரே கடவுள்தானா, யாரிடமிருந்து யார் எடுத்துக்கொண்டார்கள்? கூடவே, கந்தன் என்பது அலெக்சாண்டர்தான் என்று ஒரு பேச்சு உலவுகிறதே, அதில் ஏதாவது உண்மை உண்டா?

என் பதில்: மூவரும் ஒருவர் இல்லை, ஒருவரைப் பார்த்து இன்னொருவரை உருவாக்கியதும் இல்லை. ஆனால் உறவு இருக்கிறது. அது நாம் நினைக்கிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஒரு தெய்வத்தின் பெயர் ஒரு வழியாக வந்திருக்கும், அதைப் பற்றிய கதை வேறு வழியாக வந்து ஒட்டியிருக்கும், வழிபாடு மூன்றாவது ஓரிடத்தில் உருவாகியிருக்கும். அதனால் "இவர்தான் அவர்" என்று முழுத் தெய்வத்தையும் முழுத் தெய்வத்தோடு ஒப்பிடத் தொடங்கினாலே வழி தவறிவிடும். பெயரைத் தனியாக, கதையைத் தனியாக, வழிபாட்டைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஜீயஸிடமிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பலரும் முதலில் தடுமாறுவது அங்கேதான். ஜீயஸ் என்ற பெயருக்கு இந்தியாவில் உள்ள உறவு இந்திரன் இல்லை, ரிக் வேதத்தின் த்யௌஸ். வானத்தந்தை என்ற பொருளில் வேதம் 'த்யௌஸ் பிதர்' என்கிறது, கிரேக்கர்கள் 'ஜீயஸ் பதேர்' என்று அழைத்தார்கள், ரோமானியர்களின் 'ஜூபிடர்' என்ற பெயருக்குள்ளேயே அந்தத் தந்தை ஒட்டிக்கொண்டிருக்கிறார். இந்த மூன்றும் தற்செயல் ஒற்றுமை இல்லை. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் பிரிவதற்கு முந்தைய ஒரு மொழியில் இருந்த ஒரே பெயர். விடியலின் தெய்வத்துக்கும் அதே நிலைதான்: உஷஸ், கிரேக்கத்தில் ஈயோஸ், ரோமில் அரோரா. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ரிக் வேதத்தில் த்யௌஸுக்கென்று தனியாக ஒரு சூக்தம்கூட இல்லை, பூமித்தாய் பிருத்வியோடு சேர்த்துத்தான் அவருக்குச் சூக்தங்கள் உண்டு. 1028 சூக்தங்களில் ஏறக்குறைய கால் பங்கு இந்திரனுக்குப் போய்விட்டது. அதாவது இந்தியாவில் பழைய வானத்தந்தை ஓய்வு பெற்றுவிட்டார், இடியும் அரசுரிமையும் இந்திரன் கைக்கு வந்தன. கிரேக்கத்தில் அந்த முதியவரே இடியையும் எடுத்துக்கொண்டு அரியணையிலும் நீடித்தார். தோரின் பெயரோ இரண்டோடும் சேராது, அதற்கு இடி என்றுதான் பொருள். வட ஐரோப்பாவில் 'தேவன்' என்ற சொல்லோடு உறவுள்ள பெயர் தைர் என்ற இன்னொரு கடவுளுடையது.

பெயர் அப்படி. ஜீயஸின் கதை எங்கிருந்து வந்தது? வானக்கடவுள் யுரேனஸை அவர் மகன் குரோனஸ் அரிவாளால் ஆண்மை இழக்கச் செய்து ஆட்சியைப் பிடிக்கிறார், பிறகு குரோனஸை அவர் மகன் ஜீயஸ் வீழ்த்துகிறார். இதே கதை, கிரேக்கத்தில் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் தலைநகர் ஹட்டுசாவின் களிமண் பலகைகளில் இருக்கிறது. அங்கே வானக்கடவுள் அனுவின் ஆண்மையைக் கடித்து விழுங்குபவர் குமார்பி, அதன் விளைவாக அவருக்குள்ளேயே புயல் கடவுள் உருவாகிறார், பிறகு அந்தப் புயல் கடவுள் குமார்பியை எதிர்க்கிறார். வானம், இடைக்கால அரசன், புயல் என்ற வரிசையும் ஒன்று, செய்யும் கொடூரமும் ஒன்று. அதோடு நில்லாமல், ஜீயஸ் டைஃபோன் என்ற பாம்பு உடல் அரக்கனோடு மோதும் கதையின் ஒரு வடிவத்தில் அவர் அவனைத் துரத்திக்கொண்டு போகும் இடம் சிரியாவின் மேல் நிற்கும் காசியஸ் மலை. புயல் கடவுளுக்கு உரிய மலையாக அந்தப் பகுதி மக்கள் கிரேக்கர்களுக்கு முன்பே கொண்டாடிய மலை அது. கதை வரும்போது ஊர்ப்பெயரையும் சேர்த்துக்கொண்டு வந்தால், அதை விடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆக, ஜீயஸ் என்ற ஒரே கடவுளிடம் பெயர் ஒரு பக்கத்து மூதாதையர் சொத்து, அரியணைக் கதை அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து வாங்கியது.

சரி, பாம்பு? இதில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். விருத்திரனை இந்திரன் கொல்கிறான், நீரை அடைத்துக்கொண்டு மலைமேல் கிடந்த அவனைப் பிளந்ததும் ஏழு நதிகள் ஓடுகின்றன. ஹிட்டைட் புயல் கடவுள் இல்லுயங்கா என்ற பாம்பைக் கொல்கிறார். இவற்றை மட்டும் வரிசையாக வைத்தால் எல்லாம் ஒரே குடும்பம் என்று தோன்றும். ஆனால் பாபிலோனில் மார்டுக் என்ற கடவுள் தியாமத் என்ற கடல் அரக்கியைக் கொல்கிறார், சிரியாவின் பழைய நகரமான உகாரித்தில் 'பால்' என்ற புயல் கடவுளின் எதிரிகளில் ஒன்றாக லோத்தன் என்ற பாம்பு வருகிறது, எகிப்தில் சூரியக் கடவுள் ராவின் படகை ஒவ்வொரு இரவும் அபேப் என்ற பாம்பு தாக்குகிறது, ஜப்பானில் சுசனோ என்ற கடவுள் எட்டுத் தலைப் பாம்பை வெட்டுகிறார். இந்த நான்கு மக்களின் மொழிகளுக்கும் வேத மொழிக்கும் குடும்ப உறவே கிடையாது. மனிதனுக்குப் பாம்பு எங்கேயும் பயம்தான், அந்தப் பயத்தைப் பெரிதாக்கி ஒரு வீரன் முன் நிறுத்துவதற்கு யாரையும் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை.

அதனால் பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பதை விட, சண்டை முடிந்ததும் என்ன நடக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. விருத்திரன் செத்தால் தண்ணீர் விடுதலை ஆகிறது. தியாமத் செத்தால் அவள் உடலை இரண்டாகப் பிளந்து வானமும் பூமியும் செய்கிறார்கள். சுசனோவுக்குப் பாம்பின் வாலிலிருந்து ஒரு வாள் கிடைக்கிறது, அது ஜப்பானிய அரச மரபின் புனிதப் பொருளாகிறது. தோர் கடைசிப் போரில் பாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து அதன் விஷத்தால் தானும் விழுகிறார். நான்கும் நான்கு வேறு கேள்விகளுக்குப் பதில்கள். இல்லுயங்காவை விருந்துக்கு அழைத்து வயிறுமுட்டக் குடிக்க வைத்துத்தான் கட்டுகிறார்கள், சுசனோவும் எட்டுத் தொட்டிகளில் மது வைத்துப் பாம்பை மயக்கித்தான் வெட்டுகிறார், இந்தியாவில் குடித்துவிட்டுப் போவது பாம்பு இல்லை, சோமம் அருந்திய இந்திரனே. இது மாதிரி விவரங்களைப் பார்க்கும்போது உடனே ஒரு கோட்பாடு கட்டத் தோன்றும், அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். துருக்கிக்கும் ஜப்பானுக்கும் நடுவே அந்தக் கதை நடந்து போன தடம் கிடைத்தால்தான் அது சான்று.

தடம் கிடைக்கும் உறவு எப்படி இருக்கும் என்பதற்கு இந்திரனே உதாரணம். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் அரசன் சுப்பிலுலியுமாவுக்கும் பக்கத்து நாடான மிட்டானியின் இளவரசன் ஷத்திவாசாவுக்கும் ஓர் உடன்படிக்கை நடந்தது. ஹட்டுசாவில் கிடைத்த அந்தப் பலகையில், சாட்சியாக அழைக்கப்படும் ஏராளமான தெய்வங்களின் நடுவே மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர்கள் என்ற பெயர்கள் இருக்கின்றன. நாசத்தியர்கள் நம் அஸ்வினி தேவர்கள். எழுத்தில் கிடைக்கும் இந்திரனின் மிகப் பழைய பெயர் இந்தியாவில் இல்லாமல் இன்றைய துருக்கியில் கிடைத்திருக்கிறது, அதுவும் ரிக் வேதத்தில் சேர்ந்து வரும் அதே கூட்டாளிகளோடு. இங்கே ஒரு பெயர் மட்டும் ஒத்துப்போகவில்லை, ஒரு குழுவே ஒத்துப்போகிறது. நம்பிக்கை வைக்க வேண்டியது இப்படிப்பட்ட ஒற்றுமையில்.

ஈரானுக்குப் போனால் நிலைமை தலைகீழ். பழைய ஈரானியர்களின் வேதமான அவெஸ்தாவில் அகுரா என்பது உயர்ந்த இறைவன், தேவர்கள் தீய சக்திகள், இந்திரன் பெயர் அந்தத் தீயவர்கள் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இந்திரனுக்கு வேதம் தரும் 'விருத்திரனைக் கொன்றவன்' என்ற பட்டம் மட்டும் அங்கே பிழைத்துக்கொண்டது, வெரெத்ரக்னா என்ற தனி வெற்றித் தெய்வமாக மதிப்போடு வணங்கப்பட்டது. பெயருக்குத் தண்டனை, பட்டத்துக்குப் பூஜை! ஒரு தெய்வம் பல துண்டுகளாகப் பிரிந்து ஒவ்வொன்றும் தனித் தலையெழுத்தோடு வாழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தியாவிலும் இந்திரனின் கதை சோகமானதுதான், அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வேதத்தில் எந்தச் செயலுக்காக அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்களோ, அதே விருத்திர வதம் மகாபாரதத்தில் பாவமாகிவிடுகிறது. விருத்திரனைக் கொன்றதால் பிரம்மஹத்தி தோஷம் பிடித்து, பயந்து ஓடி, ஒரு தாமரைத் தண்டுக்குள் ஒளிந்துகொள்கிறான் தேவர்களின் அரசன். அந்த இடைவெளியில் நகுஷன் என்ற மனிதன் அவன் நாற்காலியில் உட்காருகிறான். அப்புறம் அகலிகை, கோவர்த்தன மலை, மேகநாதனிடம் தோற்றுக் கட்டுண்டது என்று சரிவுதான். புராணங்கள் ஒரு படி மேலே போய் இந்திரன் என்பது ஆள் இல்லை, பதவி என்கின்றன: ஒரு கல்பத்தில் 14 மன்வந்தரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இந்திரன், இப்போது இருப்பவன் புரந்தரன், அடுத்து வரப்போவது மகாபலி. தன்னை வெல்லும் பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்று கருவுற்ற மனைவி மெதிஸையே விழுங்கிப் பதவியைக் காப்பாற்றிக்கொண்ட ஜீயஸையும், முடிவில் சாகப்போகும் தோரையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த மூன்று சமூகங்களும் அதிகாரத்தைப் பற்றி எவ்வளவு வேறுபட்டு யோசித்திருக்கின்றன என்பது பாம்புச் சண்டையில் தெரியாது, இதில் தெரியும்.

ஆனால் எல்லா இடத்திலும் அவன் ஒரே நேரத்தில் சரியவில்லை. தொல்காப்பியம் மருத நிலத்துக்குச் சொல்லும் வேந்தனை உரையாசிரியர்கள் இந்திரன் என்றே கொண்டார்கள், புகார் நகரில் இந்திர விழா 28 நாள் நடந்ததாக மணிமேகலை சொல்கிறது. அந்த விழாவை அரசன் மறந்ததால் ஊரைக் கடல் கொண்டது என்பதும் அந்தக் காப்பியத்தின் செய்தி. வடக்கே கேலிக்கு ஆளாகிக்கொண்டிருந்த ஒருவனுக்கு இங்கே ஒரு துறைமுகத்தின் உயிரையே பிணையாக வைத்திருக்கிறார்கள்.

மணிமேகலை என்றதும் நமக்கு மாதவியின் மகள் நினைவுக்கு வருவாள், அந்தப் பெயருக்கு உரிய கடல் தெய்வத்தை மறந்துவிடுகிறோம். கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலில் காப்பாற்றிய தெய்வம் என்பதால்தான் குழந்தைக்கு அந்தப் பெயரே வைக்கிறார்கள். இந்தத் தெய்வம் கப்பல் ஏறிய தடம் மிகத் தெளிவாக இருக்கிறது. பாலி மொழியில் உள்ள மகாஜனக ஜாதகத்தில், கப்பல் உடைந்து நாள்கணக்கில் கடலில் நீந்தும் இளவரசனைத் தூக்கிக் கரை சேர்ப்பவள் இதே மணிமேகலா. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் அவள் இன்றும் நாட்டியத்தில் வாழ்கிறாள்: கையில் ஒரு பளிங்கு மணி வைத்திருப்பாள், அதைப் பறிக்க ஓர் அசுரன் கோடரியோடு துரத்துவான், அவள் மணியைச் சுழற்றினால் வருவது மின்னல், அவன் கோடரியை வீசினால் வருவது இடி. பாருங்கள், இடி மின்னலுக்கு இங்கே இந்திரனே தேவைப்படவில்லை. வணிகர்கள் போன வழி, பௌத்தம் போன வழி, ஒரே பெயர், கடலைக் காக்கும் ஒரே வேலை, அங்கே போனபின் ஒட்டிக்கொண்ட புதுக் கதை. தெய்வங்களின் பயணம் பற்றிப் பேசும்போது எனக்கு மிகவும் பிடித்த தெய்வம் இவள்தான். இந்திரன் அளவுக்கு அவளைப் பற்றி எழுதப்படாதது வருத்தமாகவே இருக்கிறது.

ஜப்பானுக்குப் போன சரஸ்வதியும் இதே மாதிரிதான். பௌத்த நூல்களின் சீன மொழிபெயர்ப்புகள் வழியே போனவள், பென்சாய்தென் என்ற பெயரில், 8ஆம் நூற்றாண்டில் நாரா நகரத்துக் கோயில் சிற்பத்தில் எட்டுக் கைகளோடு ஆயுதம் ஏந்தி நிற்கிறாள். பலருக்கும் இது வியப்பாக இருக்கும், வீணையை வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பவளுக்கு ஆயுதம் எதற்கு? ஆனால் ரிக் வேதமே சரஸ்வதியை விருத்திரனைக் கொன்றவள் என்று ஓரிடத்தில் பாடுகிறது, அவள் அப்போது பெருக்கெடுக்கும் நதி. ஜப்பானில் பின்னாளில் கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்புக் கருவி வந்தது, நதித் தெய்வம் என்ற நினைவு மட்டும் போகவில்லை, தீவுகளிலும் குளக்கரைகளிலும்தான் அவள் கோயில்கள் அதிகம். அங்கே செல்வத்துக்கும் அவளே பொறுப்பாகிவிட்டாள், காமகுராவில் ஒரு கோயிலில் பக்தர்கள் ஊற்று நீரில் காசைக் கழுவி எடுத்துப் போகிறார்கள், பெருகும் என்ற நம்பிக்கையில். அதே வழியில் போன மகாகாலன் அச்சமூட்டும் உருவை விட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு அரிசி மூட்டைகள் மேல் நிற்கும் தாய்கொகு ஆகிவிட்டான்.

இந்தியாவும் வாங்கியிருக்கிறது, கொடுத்தது மட்டும் இல்லை. வாரத்தின் ஏழு நாள்களுக்குக் கோள்களின் பெயர் வைக்கும் வழக்கம் கிரேக்க-ரோமானிய ஜோதிடத்திலிருந்து இங்கே வந்தது. கிழமையைக் குறிப்பிடும் மிகப் பழைய இந்தியக் கல்வெட்டுகளில் ஒன்று மத்தியப் பிரதேசத்து ஏரணில் கி.பி. 484இல் வெட்டப்பட்டது, அதில் இருப்பது வியாழக்கிழமை. ரோமில் அது ஜூபிடரின் நாள், ஜெர்மானிய மக்கள் அதையே தங்கள் இடிக் கடவுளுக்குக் கொடுத்தார்கள், ஆங்கிலத்தின் தர்ஸ்டே தோரின் நாள்தான். மூவரும் ஒருவரே என்று அந்தக் காலத்து இந்தியர்கள் நினைத்திருந்தால் அந்த நாள் இந்திரனுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லையே! அது தேவர்களின் குருவான பிரகஸ்பதிக்குப் போனது. வெள்ளிக்கிழமை இன்னும் தெளிவு: ரோமில் அது வீனஸ் என்ற காதல் தேவதையின் நாள், இங்கே அசுரர்களின் குரு சுக்கிராச்சாரியாரின் நாள், பெண் தெய்வம் இருந்த இடத்தில் ஓர் ஆசாரியர். கோள் பயணம் செய்தது, கணக்கு பயணம் செய்தது, கடவுள் பயணம் செய்யவில்லை.

இந்த ஆண் பெண் விஷயத்திலும் உலகம் ஒரே மாதிரி இல்லை. சூரியன் ஆண், சந்திரன் பெண் என்பது கிரேக்க வழக்கம், உலகப் பொதுவானது இல்லை. நமக்குச் சந்திரனும் ஆண், ஜப்பானின் அமதெராசுவும் பால்டிக் மக்களின் சவுலேயும் பெண் சூரியன்கள், எகிப்தில் வானம் பெண்ணாகவும் பூமி ஆணாகவும் இருக்கிறார்கள்.

கடைசியாகக் கந்தன். கிரேக்கர்களுக்கும் இந்தியத் தெய்வங்களுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஹீலியோடோரஸ் என்ற கிரேக்கத் தூதர் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் விதிஷாவுக்கு அருகே வாசுதேவனுக்குக் கருடத் தூண் நிறுவி, தன்னைப் பாகவதன், அதாவது அந்தத் தெய்வத்தின் பக்தன், என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார். அகதோக்ளிஸ் என்ற இந்தோ-கிரேக்க அரசன் பலராமன், கிருஷ்ணன் உருவங்களோடு காசு அடித்தான். உண்மையான சந்திப்பு நடந்தால் கல்லும் காசும் இப்படிப் பேசும். கந்தன் அலெக்சாண்டர்தான் என்ற வாதத்துக்கு இப்படி எதுவும் கிடையாது. அவர்கள் சொல்வது 'ஸ்கந்த', 'இஸ்கந்தர்' என்ற ஒலி ஒற்றுமை, இரண்டு பேரும் படைத்தலைவர்கள், அவ்வளவே. இஸ்கந்தர் என்பது, அலெக்சாண்டர் என்ற பெயரின் முதலில் உள்ள 'அல்' என்பதை அரபு மொழிக்காரர்கள் தங்கள் மொழியின் முன்னொட்டு என்று கருதிப் பிரித்ததால் வந்த வடிவம். அலெக்சாண்டர் என்ற பெயரை இந்தியர்கள் தங்கள் வாயில் எப்படிச் சொன்னார்கள் என்பதற்கு நேரடிச் சான்றே இருக்கிறது: அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு அந்தப் பெயருடைய வேறொரு கிரேக்க அரசனை 'அலிகசுதர' என்கிறது. அலெக்சாண்டர் இறந்து 100 ஆண்டுகூட ஆகாத காலம் அது. அந்த ஒலியிலிருந்து ஸ்கந்தனுக்குப் போக வழியே இல்லை. ஸ்கந்தன் என்ற பெயரோ அலெக்சாண்டருக்கு முந்தையதாகக் கருதப்படும் சாந்தோக்ய உபநிடதத்தில் சனத்குமாரரின் பெயராக வருகிறது.

கந்தனுக்குள் பலர் இருக்கிறார்கள் என்பது மட்டும் உண்மை, அவர்கள் எல்லாரும் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். குஷாண அரசன் ஹுவிஷ்கனின் காசுகளில் ஸ்கந்த-குமாரனும் விசாகனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு தனித் தெய்வங்கள், மகாசேனன் வேறொரு காசில் தனியாக வருகிறான். தெற்கில் மலை நிலத்துச் சேயோன் தன் வேலோடும் வள்ளியோடும் தனியாகவே இருந்தான். இன்று ஒரே தெய்வத்துக்கு நாம் அடுக்கிச் சொல்லும் பெயர்களில் பல, ஒரு காலத்தில் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு மக்கள் தனித்தனியாகக் கும்பிட்ட தெய்வங்களின் பெயர்கள்.